வெயிலில் உருகாத வெள்ளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, புதிதாக வாங்கிய லேசர் பற்றவைப்பு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, வெயிலும் வெளிச்சம்தான், இந்த மெஷின்ல வர்றதும் வெளிச்சம்தான். சித்திரை வெயில்ல கொலுசை வருஷக்கணக்கா போட்டு வச்சாலும் ஒரு கண்ணி உருகாது. இது மட்டும் எப்படி கண்ணு சிமிட்டறதுக்குள்ள பத்த வைக்குது?"

லேசர் இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில், படித்தது இயற்பியல். ஸ்டீல் தகடு வெட்டும் இடங்கள், நகைக்கு எண் பொறிக்கும் இடங்கள், வெள்ளிப் பட்டறைகள் என்று சேலம் முழுக்கப் போய் வருகிறவன். எங்கே போனாலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். அதற்கு ஊரில் புழங்கும் பதிலும் ஒன்று இருக்கிறது: "லேசருக்கு பவர் அதிகம்." இந்தப் பதிலை முதலில் ஓரம் கட்டிவிட வேண்டும். அது தப்பான பதில் என்பது மட்டும் காரணம் இல்லை. ஒளியைப் பற்றிய மிக அழகான ஓர் உண்மையை அது மறைத்துவிடுகிறது.

பவரை எடுத்துக்கொள்வோம். மேகம் இல்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் விழுகிறது. பட்டறையின் மொட்டை மாடி 50 சதுர மீட்டர் என்றால், அதன்மேல் 50 கிலோவாட் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதே கூரைக்குக் கீழே இருக்கும் லேசர் சராசரியாகத் தருவதோ சில நூறு வாட்தான். மொத்தப் பவரில் சூரியனோடு போட்டி போட ஆளே கிடையாது.

வெயிலில் வெள்ளி உருகாது என்பதும் முழுக்கச் சரி இல்லை. வெள்ளியின் உருகுநிலை 962 டிகிரி செல்சியஸ். பிரான்ஸில் பிரனீஸ் மலைப் பகுதியில் உள்ள ஓடெய்யோவில் ஒரு சூரிய உலை இருக்கிறது. மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் கண்ணாடிகள் வெயிலைத் திருப்பி ஒரு பெரிய குழியாடியில் விட, அது ஒரு சிறு இடத்தில் குவிக்கிறது. அங்கே 3000 டிகிரிக்கு மேல் போகிறது. வெள்ளி மட்டும் இல்லை, இரும்பும் அங்கே நீராக ஓடும்.

ஆனால் அந்த உலைக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணாடியை எவ்வளவு பெரிதாக்கினாலும், லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், வெயிலைக் குவித்து ஒரு பொருளைச் சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைத் தாண்டிச் சூடாக்க முடியாது. அது சுமார் 5500 டிகிரி. காரணம் எளிது. லென்ஸ் ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. வழி என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு. சூடான புள்ளியும் ஒளிவிடும், அந்த ஒளி அதே லென்ஸ் வழியாகச் சூரியனுக்கே திரும்பும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் கொடுக்கல் வாங்கல் சமமாகிவிடும். அதற்கு மேல் புள்ளி சூடாக வேண்டுமானால், குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகவே போக வேண்டும். இயற்கையில் அது நடக்காது.

லேசருக்கு இந்த எல்லை இல்லை. இங்கேதான் நாம் தேடுகிற வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

பாடப்புத்தகத்தைத் திறந்தால் மூன்று வித்தியாசங்கள் வரிசையாக இருக்கும்: லேசர் ஒரே நிறம், ஒரே திசை, அலைகள் ஒன்றோடொன்று இணைந்து செல்பவை, வெயில் இந்த மூன்றும் இல்லாதது. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று முகங்கள் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், எனக்கு இந்தப் பாடம் பத்து வருஷம் முன்னாலேயே பிடித்திருக்கும்.

வெயிலை முதலில் பார்க்கலாம். அதற்கு ஏற்காடுதான் நல்ல இடம். காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின் கீழே, மிளகுக் கொடி சுற்றிய அடிமரத்துக்குப் பக்கத்தில், மத்தியானத்தில் நின்று தரையைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவில் உள்ள சந்துகள் கோணல்மாணலாக இருக்கும். தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகளோ எல்லாம் வட்டம். சந்து எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு வட்டம்தான். ஏனென்றால் ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். கிரகணத்தின்போது அந்த வட்டங்கள் எல்லாம் பிறைகளாகிவிடும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் தெரிந்த வளைய கிரகணத்தின்போது மேகம் வழிவிட்ட ஊர்களில் மரத்தடிகளில் நடந்தது இதுதான்.

இந்த வட்டத்தின் அளவே ஒரு செய்தி சொல்கிறது. பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சிறு சந்து, நேரே கீழே சுமார் 9 சென்டிமீட்டர் அகல வட்டத்தைப் போடும். வானத்தில் சூரியன் ஏறக்குறைய அரை டிகிரி அகலம் என்பதால் இந்தக் கணக்கு. அதாவது வெயில் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. 15 கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தும் அது அரை டிகிரிக்குள் அடங்கும் எண்ணற்ற திசைகளின் கலவை. நம் நிழலின் ஓரம் மங்கலாக இருப்பதும் இதனால்தான். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்க்கும்போது நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுண்டு. அரை டிகிரி விரியும் ஒளிக்கற்றை 10 கிலோமீட்டர் போனால் 93 மீட்டர் அகலமாகும். சாதாரண லேசர் பாயிண்டரின் கற்றை அதே தூரத்தில் 10 மீட்டர்தான் விரியும். நல்ல லென்ஸ் ஒன்றை முன்னால் வைத்தால் இன்னும் வெகுவாகக் குறையும். (மனதில் போட்டுப் பார்க்கும் கணக்கு இது. மலையிலிருந்து ஊரை நோக்கியோ வானத்தை நோக்கியோ யாரும் லேசர் அடிக்கக் கூடாது.)

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பட்டகத்தில் விட்டால் வெயில் வானவில்லாகப் பிரிவது எல்லோருக்கும் தெரியும். அதில் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பும் புறஊதாவும்.

மூன்றாவது, அலைகளின் இணக்கம், அதாவது அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், வெயிலுக்கு இணக்கமே கிடையாது என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக் கூடாது. மழை பெய்த ரோட்டில் சிந்திய டீசல் படலத்திலும் சோப்புக் குமிழியிலும் நிறங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் அலையும் அடியில் பட்டுத் திரும்பும் அலையும் கூடிக் கழிவதால் வருபவை அவை. இணக்கம் துளியும் இல்லாத ஒளியால் அது முடியாது. வெயிலுக்கும் இணக்கம் உண்டு, ஆனால் ஒளி போகும் திசையில் அது நீடிக்கும் தூரம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அகலவாக்கில் சுமார் 0.06 மில்லிமீட்டர். ஒளி அலைதான் என்று தாமஸ் யங் 1803-இல் லண்டனில் காட்டியதே வெயிலை வைத்துத்தான். ஜன்னல் அடைப்பில் ஊசித்துளை போட்டு, உள்ளே வந்த மெல்லிய கற்றையை ஓர் அட்டைத் துண்டின் விளிம்பால் இரண்டாகப் பிரித்து, நிழலுக்குள் வண்ணக் கோடுகளைப் பார்த்தார். ஊசித்துளை தேவைப்பட்டதற்குக் காரணம் அந்த 0.06 மில்லிமீட்டர்தான்.

லேசரின் இணக்கத்தைப் பார்க்க ஊசித்துளை வேண்டாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் லேசர் பட்ட இடத்தை உற்றுப் பார்த்தால் ஒளி மணல்மணலாகத் தெரியும். சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலிருந்தும் திரும்பும் அலைகள் கண்ணுக்குள்ளே கூடியும் கழிந்தும் போடும் கோலம் அது. தலையை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தால் அந்த மணலும் நகரும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குத் தலைக்கு எதிர்த் திசையில் நகரும், தூரப்பார்வை உள்ளவர்களுக்குத் தலை போகும் திசையிலேயே நகரும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்து பாருங்கள். சுவரில் விரிந்து விழும் மங்கலான ஒளியைப் பார்த்தால் போதும், கற்றையைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, இந்த மூன்றும் எப்படி ஒன்று?

ஒரு குறிப்பிட்ட நிறம், ஒரு குறிப்பிட்ட திசை, ஒரு குறிப்பிட்ட அலைப்போக்கு: இந்த மூன்றும் சேர்ந்ததை ஓர் இருக்கை என்று வைத்துக்கொள்வோம், ஏற்காடு பஸ்ஸில் இருப்பது போல. ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் இந்த இருக்கைகளில்தான் பயணம் செய்கின்றன. சூரியன் விடும் பஸ்கள் கணக்கில் அடங்காதவை. ஆனால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட காலி. 5500 டிகிரி சூட்டில் உள்ள ஒரு பொருள், சிவப்பு நிறத்தில் சராசரியாக ஐம்பது இருக்கைக்கு ஒரு ஃபோட்டானைத்தான் உட்கார வைக்கிறது. சாதாரண 1 மில்லிவாட் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரில், ஒரே இருக்கையில் சுமார் 30 லட்சம் ஃபோட்டான்கள்.

வித்தியாசம் இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று சொன்னாலும் என்னைப் பொறுத்தவரை இயற்பியலில் இதைவிட வியப்பான கணக்கு அதிகம் இல்லை. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே அலைப்போக்கு என்று மூன்றாகச் சொல்வது எல்லாம், எல்லோரும் ஒரே இருக்கையில் இருக்கிறார்கள் என்பதன் விளைவு. ஃபோட்டான்களில் எந்த வேறுபாடும் கிடையாது. சூரியனிலிருந்து வந்த 633 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டான் ஒன்றையும் லேசரிலிருந்து வந்த அதே நிற ஃபோட்டான் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதுகள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பொருள்களின் துகள்களான எலக்ட்ரான்கள் இப்படி ஓர் இருக்கையைப் பகிர்ந்துகொள்ளாது. ஃபோட்டான்கள் பகிரும் என்பதற்கான கணக்கை 1924-இல் முதலில் போட்டவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்யேந்திர நாத் போஸ். அந்தக் கட்டுரையை அவர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார்.

வெயிலை வடிகட்டி லேசராக்கிவிட முடியாதா என்று ஒரு கல்லூரி மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. கொள்கையளவில் முடியும். 0.06 மில்லிமீட்டர் துளையால் திசையைச் சீராக்கலாம், மிகக் குறுகிய வடிகட்டியால் ஒரே நிறத்தை மட்டும் விடலாம். மிஞ்சுவது எவ்வளவு? கணக்குப் போட்டால் ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஆறு ஏழு பங்கு வருகிறது. 1 மில்லிவாட் லேசர் அதைவிடப் பத்து கோடி மடங்குக்கும் மேல். காலி பஸ்ஸிலிருந்து ஒரே ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் அந்த இருக்கையும் பெரும்பாலும் காலியாகத்தானே இருக்கும்?

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில், சிதறும் ஒளியின் நிறம் மாறுவதைக் காட்டிய தங்கள் சோதனையை வெயிலில்தான் தொடங்கினார்கள். தொலைநோக்கியால் வெயிலைக் குவித்து, வண்ண வடிகட்டிகள் வழியாகத் திரவங்களில் விட்டார்கள். சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்குதான் நிறம் மாறும். வடிகட்டிய வெயில் அதற்கு மிகவும் மெல்லியது. ஆகவே பாதரச விளக்குக்கு மாறினார்கள். பிறகு 1960-களில் லேசர் கைக்கு வந்ததும், அதுவரை பொறுமைசாலிகளின் வேலையாக இருந்த ராமன் நிறமாலை, சாதாரண ஆய்வகங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

லேசர் இருக்கையை நிரப்பும் விதம் 1917-இல் ஐன்ஸ்டைன் எழுதிய ஒரு யோசனையில் இருக்கிறது. சக்தி ஏறிய அணு தானாக ஒளிவிடலாம். அப்போது நேரமும் திசையும் அதன் இஷ்டம். அல்லது அதே நிற ஃபோட்டான் ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது தூண்டப்பட்டு ஒளிவிடலாம். அப்படி வரும் ஃபோட்டான் போகிற ஃபோட்டானின் இருக்கையிலேயே ஏறிக்கொள்ளும். இருக்கையில் ஏற்கனவே எத்தனை பேரோ, அத்தனை மடங்கு இந்தத் தூண்டுதல் அதிகம். சூரியனிலும் இது நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கால், அங்கே சிவப்பில் நூற்றுக்கு இரண்டுதான் தூண்டுதலால் வருவது. அதையும் கீழ்நிலையில் கிடக்கும் பெருவாரியான அணுக்கள் விழுங்கிவிடும். லேசரில் வெளியிலிருந்து சக்தி ஊட்டி, கீழ்நிலையைவிட மேல்நிலையில் அதிக அணுக்களை நிறுத்துகிறார்கள். இரண்டு ஆடிகளுக்கு நடுவில் ஒளியைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, ஒரே இருக்கையில் கூட்டத்தைப் பெருக்குகிறார்கள். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் ஒரு மாணிக்கத் தண்டில் இதைச் செய்து காட்டினார். 1964-இல் கரியமில வாயு லேசரைச் செய்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் படேல், தகடு வெட்டும் தொழிலை மாற்றிய லேசர் அது.

கூட்டத்தை ஒரே இருக்கைக்குக் கொண்டுவர விலை கொடுக்க வேண்டும். இன்றைய நல்ல ஃபைபர் லேசர்கூட எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் ஒளியாகத் தருகிறது. மீதி சூடாகப் போகும். தகடு வெட்டும் இடங்களில் லேசருக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் சில்லர் என்ற தண்ணீர்க் குளிர்விப்பான் இந்தச் சூட்டை வெளியேற்றத்தான். சில்லரில் தண்ணீர் குறைந்துபோய் நின்றுபோன இயந்திரங்கள்தான் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி.

இப்போது வெள்ளிக்கு வரலாம். லேசருக்கு வெள்ளியைப் போல முரண்டு பிடிக்கும் உலோகம் இல்லை. விழும் ஒளியில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். கொலுசு வெயிலில் பளபளப்பது இந்தக் குணத்தால்தான். உள்ளே போகும் சொற்பச் சூட்டையும், உலோகங்களிலேயே வேகமாகக் கடத்தி நாலாபக்கமும் பரப்பிவிடும். ஆனால் வெயில் எல்லாக் கண்ணிகள்மேலும் பரவலாக விழுகிறது; கொலுசு கொஞ்சம் சூடானதுமே, வாங்குகிற அளவு சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எத்தனை வருஷம் போட்டு வைத்தாலும் உருகாததன் ரகசியம் இது.

சித்தப்பாவின் இயந்திரம் வேறு மாதிரி வேலை செய்கிறது. எல்லா ஃபோட்டானும் கிட்டத்தட்ட ஒரே திசை என்பதால் லென்ஸால் 0.3 மில்லிமீட்டர் புள்ளிக்குள் அடக்க முடிகிறது. சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் 3 கிலோவாட் பாய்ச்சுகிறது. அதே 0.3 மில்லிமீட்டர் புள்ளியில் உச்சி வெயில் தருவதைவிட இது சுமார் நான்கு கோடி மடங்கு. அதில் பெரும்பகுதி தெறித்துப் போனாலும், சூடு பரவுவதற்கு முன்பே அந்த இடம் 962 டிகிரியைத் தாண்டிவிடும். பக்கத்துக் கண்ணியில் பதித்த கல்லுக்கும் எனாமலுக்கும் ஒன்றும் ஆகாது. பற்றவைக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்தால் முதல் துடிப்பை வெள்ளி இன்னும் நன்றாக வாங்கிக்கொள்ளும். இதை அவருக்குச் சொன்னபோது, "அப்போ பளபளப்புதான் அதுக்கு எதிரி" என்றார். மிகச் சரி.

ஆனால் எனக்குக் கவலை தருவது கண். பட்டறைகளுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பற்றிப் பேசாமல் நான் வருவதில்லை. சூரியனைப் பார்த்தால் விழித்திரையில் சுமார் 0.16 மில்லிமீட்டர் அகலத்தில் அதன் படம் விழும். லேசர் அதே விழித்திரையில் 0.02 மில்லிமீட்டர் புள்ளியாகக் குவியும். 1 மில்லிவாட் பாயிண்டர்கூட அந்தப் புள்ளியில் சூரியனைவிட ஏறக்குறைய 20 மடங்கு செறிவைத் தருகிறது. அந்த அளவு லேசரில், கண் கால் விநாடியில் மூடிக்கொள்வதும், புள்ளி சிறியதாக இருப்பதால் சூடு சீக்கிரம் கலைவதும் நம்மைக் காப்பாற்றுகின்றன. அதற்கு மேல் போனால் காப்பாற்ற எதுவும் இல்லை.

பற்றவைப்பு இயந்திரங்களின் ஒளி பெரும்பாலும் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. கருவிழியும் உள்லென்ஸும் இந்த நிறத்தைத் தடுக்காமல் அப்படியே பின்னால் குவித்து அனுப்பிவிடும். வெள்ளியோ விழுந்ததில் பெரும்பகுதியைத் திருப்பி விடுகிற உலோகம். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது, பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பதில் சாதாரண கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வது, இரண்டும் கூடவே கூடாது. கூலிங் கிளாஸ் வெயிலுக்குச் செய்தது. அகச்சிவப்பில் அது ஜன்னல் கண்ணாடி போலத்தான். வாங்கும் கண்ணாடியின் சட்டத்திலோ வில்லையிலோ 1064 என்ற எண்ணும் அதற்கான தடுப்பு அளவும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கும் பச்சை லேசர் விளக்குகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் பல, 808 நானோமீட்டர் ஒளியை 1064 ஆக்கி, அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையைத் தருபவை. மலிவான விளக்கில் உள்ளே இருக்க வேண்டிய வடிகட்டியை விட்டுவிட்டால், பச்சையோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் வெளியே வரும். 1 மில்லிவாட்டுக்கு மேல் எழுதியிருந்தாலும், எதுவுமே எழுதாமல் இருந்தாலும், அதைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.